தவக்காலத்துச் சீனி

என் வீட்டுக்காரரின் சீனி வருடத்தில் ஒரு நாள் மட்டும் நன்றாக இருக்கும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவருடைய கோயில் பங்கு மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடக்கும் நாள் அது. விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சின்ன மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லம் அங்கிள்" என்பார் தாதி. அவ்வளவுதான். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே அறிவிப்பார்: "இஞ்சேரும், இந்த வருஷமும் நல்ல சீனி!" மற்ற நாட்களில் அந்தச் சீனி எப்படி இருந்தது என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? மற்ற நாட்களில் யார் பார்த்தது?

நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ரயில் போனால் யன்னல் கண்ணாடி நடுங்கும் மாடியில், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். சைவக் குடும்பம். அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் முடித்து என் பக்கம் குடிவந்தாலும் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் கொட்டாஞ்சேனையிலேயே தங்கிவிட்டன. ஞாயிறு காலையில் கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ் ஏறுவோம். கோயிலில் அவர் முன் வாங்கில், நான் பின் வாங்கில். இத்தனை வருடம் பின் வாங்கில் இருந்ததில் அந்தப் பங்கின் உள்வீட்டுக் கதையெல்லாம் அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

முகாம் நடப்பது தவக்காலத்தில். பிறருக்கு உதவும் காலம் என்பதால் அந்த வேலையை அப்போதுதான் வைப்பார்கள். பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் காரியாலயத்திலிருந்து டொக்டரும் தாதிமாரும் வருவார்கள். பெரியாஸ்பத்திரியிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்து பிரஷரும் கண்ணும் பார்ப்பார்கள். மண்டபத்தில் வாங்கு போட்டு, பந்தல் கட்டி, மைக் வைத்து, நல்ல ஒழுங்காக நடக்கும். அதில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

ஆனால் தவக்காலத்தில் இந்த மனுசன் எப்படிச் சாப்பிடுவார் தெரியுமா? விபூதிப் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறுவரை இறைச்சி இல்லை. பிளேன் டீக்குச் சீனி இல்லை. கேக் இல்லை, ரோல்ஸ் இல்லை. மேலே சீனி தூவின கிம்புலா பனிஸ் என்றால் உயிர், அதைக்கூடத் தொடமாட்டார். புதனும் வெள்ளியும் ஒருநேரச் சாப்பாடு. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்தில் அவர் ஒரு துறவிதான். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் துறவறமும் முடியும். மத்தியானம் புரியாணி, பின்னேரம் வட்டலப்பம். அடுத்த விபூதிப் புதன்வரை அந்த வாய்க்கு ஓய்வில்லை.

அவர் மட்டுமில்லை, முழுப் பங்கும் அப்படித்தான். வாரக்கணக்கில் வயிற்றைக் கட்டிப்போட்டுவிட்டு, அந்த வயிற்றோடு வந்து வரிசையில் நின்று இரத்தம் கொடுப்பார்கள். எல்லாருக்கும் நல்ல சீனிதான். முகாம் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்து, "ஆண்டவர் அருளால எங்கட பங்கில ஆக்கள் நல்ல சுகம்" என்பார். அவர் என் வீட்டுக்காரரின் பள்ளிக்கூடச் சிநேகிதர். பாடகர் குழுவையும் நடத்துகிறவர். மைக் இல்லாமலே மட்டக்குளி வரைக்கும் கேட்கும் குரல். என் வீட்டுக்காரரை எழும்பச் சொல்லி, "இவரைப் பாருங்கோ, இந்த வயசிலயும்!" என்று காட்டுவார். இவரும் எழும்பி நின்று தலையாட்டுவார்.

எங்கள் சைவ ஆட்களும் திறமில்லை. என் அக்கா கிளினிக் நாளுக்கு ஒரு கிழமை முன்பிருந்து பாகற்காய்ச் சாறும் குரக்கன் பிட்டுமாக இருப்பா. ஏன் என்று கேட்டால், "டொக்டர் ஏசுவாரடி" என்பா. டொக்டருக்கு நல்ல பிள்ளையாக இருக்க வேண்டுமாம். உடம்பு எப்படிப் போனாலும் பரவாயில்லையாம்.

சரி, கதைக்கு வருகிறேன். ஒருநாள் இவர் வெளியே போய்விட்டு வந்தார். ஒரு செருப்பு வாசலில் கிடக்கிறது. மற்றது காலில் இருக்கிறது. ஒற்றைச் செருப்போடு குசினி வரைக்கும் வந்து என்னோடு நின்று கதைக்கிறார். "என்ன, மற்றக் காலை அடகு வச்சிட்டு வந்தனீங்களோ?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். செருப்பு கழன்று விழுந்தது காலுக்குத் தெரியவில்லை என்றால் அது சிரிக்கிற விஷயமில்லை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பிறகும் இரண்டு மூன்று தரம் அப்படி நடந்தது. செருப்பு பழசு என்று புதுச் செருப்பு வாங்கினோம்.

அதன்பிறகு பங்குத் திருவிழா வந்தது. சுற்றுப்பிரகாரத்தில் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனை வீதியெல்லாம் நடந்து, பாட்டுப்பாடி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். வலது காலுறையில் இரத்தம். சப்பாத்தைக் கவிழ்த்தேன், உள்ளேயிருந்து ஒரு சோடா மூடி விழுந்தது. பல்லுப் பல்லாக இருக்குமே, அந்தத் தகர மூடி. அதை மிதித்துக்கொண்டே ஊர்வலம் முழுவதும் நடந்திருக்கிறார். "நோகேல்லையா?" என்று கேட்டேன். "ஒண்டும் தெரியேல்லையே," என்றார்.

மருந்து கட்டினோம், ஆறவில்லை. பெருவிரல் கறுக்கத் தொடங்கியது. வழமைபோல காசு கட்டி நேரம் எடுத்து ஒரு பிரைவேட் டொக்டரைச் சனல் பண்ணினோம். வெள்ளவத்தையில் எங்களுக்குத் தலையிடி வந்தாலும் சனலிங்தானே. அவர் காலைப் பார்த்துவிட்டு, இங்கே நிற்காதீர்கள், நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கால் காயங்களுக்கென்றே அங்கே ஒரு கிளினிக் இருக்கிறது என்றார். போனோம்.

அங்கே ஒரு தாதி. சிங்களப் பிள்ளை, அரைவாசி தமிழும் கதைப்பா. கையில் ஒரு நைலோன் நூல், தூண்டில் நூல் மாதிரி. "கண்ணை மூடுங்கோ அங்கிள். கால்ல நூல் படுற நேரம் எல்லாம் சொல்லுங்கோ," என்றா. இவர் கண்ணை மூடினார். அவ வலது காலின் அடியில் நூலை வைத்தா. பிறகு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், குதிக்கால். "தெனெனவத?" உணருகிறதா என்று சிங்களத்திலும் கேட்டுப் பார்த்தா. இவர் மூச்சு விடவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, கண்ணைத் திறக்காமலே, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "சரி மிஸ், தொடங்குங்கோ."

அந்தப் பிள்ளை எல்லா இடமும் தொட்டு முடித்திருந்தா. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு இடது காலுக்குப் போனா. ஒரு இடத்தில் பேசாமல் இருந்தார். அடுத்த இடத்தில், "ஓம்." பிறகு மௌனம். குதிக்காலில், "ஓம்." ஓரத்தில், "ஓம், ஓம்." தாதி நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "அன்ட்டி, இந்தக் கால் இன்னும் கதைக்குது. சீனியைப் பிடிச்சு வச்சா இதைக் காப்பாத்தலாம். விட்டா இதுவும் அப்படித்தான்," என்றா.

வலது காலின் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, அதோடு நின்றது. வார்ட்டில் இருந்த டொக்டரிடம் இவர் நியாயம் கேட்டார், பாருங்கள்! "எனக்கு ஒவ்வொரு வருஷமும் நல்ல சீனி டொக்டர். முகாமில பார்த்தது." டொக்டர் கோபிக்கவில்லை. முகாம் எந்த மாதம் என்று மட்டும் கேட்டார். பிறகு மூன்று மாதச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவைப் பார்த்துவிட்டு, இது நேற்று இன்று ஏறினதில்லை அங்கிள், கனகாலமாக இப்படித்தான் இருந்திருக்கிறது என்றார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று யோசித்தேன். முகாம் எந்த மாதம்? தவக்காலம். தவக்காலத்தில் என்ன சாப்பாடு? எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கடவுளே! நாங்கள் வருடாவருடம் பரிசோதித்தது இவருடைய சீனியை இல்லை, இவருடைய விரதத்தை. ஊரே அப்படித்தான். டொக்டர்மார் மினக்கெட்டு வந்து மண்டபத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்; நாங்கள் எங்கள் நல்ல முகத்தைக் காட்டிவிட்டு அனுப்பிவிடுகிறோம். பிறகு கால் அழுகினதும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. விரல் போய்விட்டது, சரி. அந்த இடது காலை மட்டும் நான் விடப்போவதில்லை என்று அந்த நடைபாதையிலேயே முடிவெடுத்தேன்.

வீட்டுக்கு வந்த அன்றே இவர் என்னிடம் ஒரு சத்தியம் கேட்டார். "விரல் போனதைப் பங்கில ஒருத்தருக்கும் சொல்லாதேயும்."

"ஏன்? களவெடுத்தா போனது?"

"நீர் சும்மா இரும். வருஷாவருஷம் என்னை எழுப்பிக் காட்டினவங்கள். நான் எந்த முகத்தோட போய் நிக்கிறது?"

பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. சத்தியம் கொடுத்தேன். கால் சுளுக்கு என்று ஊருக்குச் சொன்னார். சப்பாத்தின் நுனியில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி மட்டக்குளி பஸ் ஏறினார்.

நான் என் வேலையைத் தொடங்கினேன். முதலில் சுகாதார வைத்திய அதிகாரியின் காரியாலயத்துக்குப் போனேன். அங்கே டொக்டர் ஒரு அம்மா. கர்ப்பிணிக் கிளினிக்கில் நின்றா. சுற்றிவர அழுகிற குழந்தைகள். நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன், பெயரை மட்டும் சொல்லவில்லை. அவ முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தா. நாங்கள் கூப்பிட்ட நாளுக்கு வருகிறவர்கள்தானே, நீங்கள்தான் தவக்காலத்தில் மட்டும் கூப்பிடுகிறீர்கள் என்றா. நத்தார் முடிந்த கையோடு ஜனவரியில் கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்டேன். சந்தோஷமாக வருவோம், கால் பார்க்கவும் ஒரு தாதியைக் கேட்டுக் கூட்டிவருகிறேன் என்றா. மருந்து கொடுக்கிறதைவிட இந்த வேலைதான் தங்களுக்கு முக்கியம், ஆனால் இதற்குத்தான் ஆட்கள் வருகிறதில்லை என்றும் சொன்னா.

அடுத்தது முகாம் குழுக் கூட்டம். இவர் அதில் அங்கத்தவர், நான் வெளியாள். கூட்டத்துக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போனவள் மாதிரிப் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணை, முகாமை ஜனவரிக்கு மாத்துவம்," என்றேன் தலைவரிடம்.

"ஜனவரியிலயா? ஏன் தங்கச்சி?"

"தவக்காலத்தில எல்லாரும் விரதம். சீனி சரியாத் தெரியாது. நத்தார்க் கேக்கும் புரியாணியும் உள்ளுக்கு இருக்கேக்க பார்த்தாத்தான் உண்மை தெரியும்."

ஒரே சிரிப்பு. தலைவரும் சிரித்தார். "கேக் சாப்பிட்டுட்டு வந்து சீனி பாக்கச் சொல்றீங்களா? கண்டறியாத கதை! ஆக்களைப் பயப்படுத்தவா முகாம் வைக்கிறம்?"

"அண்ணை, ஆக்களைச் சந்தோஷப்படுத்தவா வைக்கிறீங்கள்?"

சிரிப்பு நின்றது. தவக்காலத்துப் பிறர்நலப் பணியை மாற்ற முடியாது, வழமை வழமைதான் என்று முடித்தார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பஞ்சு அடைத்த சப்பாத்தோடு, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்த மனுசனின் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும். வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவரோடு கதைக்கவில்லை. கதைத்தால் அழுதிருப்பேன். அழுகிற நேரம் அது இல்லை.

தவக்காலம் வந்தது, முகாமும் வந்தது. வழமைபோல எல்லாருக்கும் நல்ல சீனி. இவருக்கும்தான். அதுவும் இந்த முறை மருந்தும் சேர்ந்து, எண் இன்னும் இறங்கியிருந்தது. தலைவர் மைக்கில் முழங்க, இவர் எழும்பி நின்று தலையாட்டினார். வாசலுக்கு வந்ததும் பழைய அறிவிப்பு: "இஞ்சேரும், நல்ல சீனி!" அதோடு நின்றாரா? "இனி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகத் தேவையில்லைப்போல கிடக்கு. அங்க வரிசையில நிண்டு நிண்டு கால்தான் வீங்குது. உயிர்த்த ஞாயிறோட மருந்தையும் கொஞ்சம் குறைச்சுப் பாப்பம்."

அந்த நல்ல எண் இருக்கிறதே, அதுதான் இவருடைய வலது காலின் விரலைத் தின்றது. இப்போது இடது காலுக்கும் வாயைத் திறந்துவிட்டது. எவ்வளவோ சொன்னேன். தலைகீழாக நின்றேன். "நீர் ஏன் எப்பவும் கெட்டதையே நினைக்கிறீர்?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அடுத்தது பெரிய வியாழன். யேசு தன் சீடரின் பாதம் கழுவிய நினைவாக, அன்று மாலைப் பூசையில் பங்குக் குருவான சுவாமி பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுவார். பீடத்துக்குக் கீழே கதிரை போட்டு, பன்னிரண்டு பேரும் வலது சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையாக இருப்பார்கள். என் வீட்டுக்காரர் பல வருடமாக அந்தப் பன்னிரண்டில் ஒருவர். இந்த முறை மாட்டேன் என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். காலையிலேயே வெள்ளைச் சேர்ட்டை ஸ்திரி போடச் சொன்னார்.

"என்னெண்டு?" என்று கேட்டேன்.

"சுவாமியிட்டச் சொல்லிப்போட்டன். வலது கால் சுளுக்கு, இடது காலைக் காட்டுறன் எண்டு."

என்னால் பொறுக்க முடியவில்லை. "சுவாமியிட்டயும் பொய்! இஞ்ச பாருங்கோ, நான் உங்களுக்குச் சத்தியம் தந்தனான், வாய் திறக்கமாட்டன். ஆனா ஒண்டு. இண்டைக்கு நீங்கள் இடது காலைக் காட்டினீங்களெண்டா, அந்த இடது காலும் போகும். எழுதி வையுங்கோ."

"உமக்கு விசர்," என்றார். பிறகு இரண்டு பேரும் மட்டக்குளி பஸ் ஏறினோம்.

கோயில் நிறைந்திருந்தது. அன்று நான் பின் வாங்கில் இருக்கவில்லை. பக்கவாட்டில், கதிரைகள் தெரியும் இடமாகப் பார்த்துப்போய் நின்றேன். பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் குனிந்து வலது சப்பாத்தைக் கழற்ற, என்னுடையவர் மட்டும் இடது சப்பாத்தின் நூலை அவிழ்த்தார். சப்பாத்து வந்தது, காலுறையும் வந்தது. அந்த முழுக்காலைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் அதைப் பார்த்து, மறுகால் என்று சைகை காட்டினார். இவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

சுவாமி முதலாவது ஆளிடம் முழந்தாளிட்டார். இரண்டாவது, மூன்றாவது. சருவத்தோடும் துவாயோடும் நகர்ந்து நகர்ந்து வருகிறார். பாடகர் குழு பாடுகிறது. தலைவரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது. நான் என்னுடைய சாமியையும் அவருடைய சாமியையும் ஒரேயடியாகக் கூப்பிட்டேன். சுவாமி இவருக்கு முந்தின கதிரைக்கு வந்தபோது இவர் நிமிர்ந்து கூட்டத்தைத் தேடினார். என்னைத்தான் தேடினார். நான் தலையாட்டவும் இல்லை, கண்ணைக் காட்டவும் இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன்.

அவர் குனிந்தார். இடது காலுறையை எடுத்து மறுபடி போட்டார். சப்பாத்துக்குள் காலை விட்டு நூலைக் கட்டினார். பிறகு வலது சப்பாத்தைக் கழற்றினார். பஞ்சு உருண்டை வெளியே விழுந்து கதிரைக்குக் கீழே ஓடியது. காலுறையையும் இழுத்தார்.

முன் வாங்குக்காரருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். "யேசுவே" என்று யாரோ ஒரு பெண் சொன்னது எனக்குக் கேட்டது. சுவாமி தண்ணீர்ச் செம்பைச் சரித்தவர் அப்படியே நின்றார். பிறகு தண்ணீரை மெதுவாக ஊற்றி, விரல் இல்லாத அந்த இடத்தைத் துவாயால் ஒற்றித் துடைத்து, முத்தமிட்டார். மேலே பாடகர் மாடத்திலிருந்து வந்த பாட்டில் ஒரு குரல் குறைந்தது. தலைவர் பாட்டை நிறுத்திவிட்டார். நான் அழுதேன், மறைக்கவும் இல்லை.

பூசை முடிந்து வாசலில் தலைவர் ஓடிவந்து இவருடைய கையைப் பிடித்தார்.

"மச்சான், என்னடா இது? எப்பயடா?"

"போன வருஷம்," என்றார் இவர். "நல்ல சீனி எண்டு நீ மைக்கில என்னை எழுப்பிக் காட்டினாயே, அந்த வருஷம்தான்."

தலைவர் பிடித்த கையை விட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ஜனவரி எண்டுதானே சொன்னீங்கள்?" என்றார்.

நான் விடுவேனா? "ஜனவரி. கேக் முடியமுந்தி," என்றேன்.

ஜனவரியில் முகாம் நடந்தது. நத்தார் நட்சத்திரங்கள் இன்னும் மண்டபத்தில் தொங்கின. சுகாதார டொக்டர் அம்மா சொன்னபடி வந்தா. வரிசையும் வந்தது, ஆனால் வந்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஒருவருக்கும் இந்த முறை நல்ல பிள்ளையாக வர அவகாசமில்லை. மேசையிலிருந்து எழும்பிப் போகிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தனக்குச் சீனி வருத்தம் இருப்பது அன்றுதான் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். டொக்டர் அம்மா ஒவ்வொருவரையும் இருத்தி, பயப்படாதீர்கள், இப்போது தெரிந்ததால்தான் நல்லது என்று சொல்லிச் சொல்லிக் கிளினிக்குக்கு நாள் கொடுத்தா. அவ்வளவு கெட்ட சீனியைப் பார்த்து அந்த மண்டபத்தில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான்.

தலைவருக்கும் ஏறித்தான் இருந்தது. "இந்த மிஷினில ஏதோ பிழை மிஸ்," என்று தாதியோடு வாதாடினார். வேறு மிஷினில் பார்த்தார்கள். அது இன்னும் கூடச் சொன்னது.

"இதுவும் பிழையா அண்ணை?" என்று கேட்டேன்.

"நீங்க பேசாம இருங்கோ தங்கச்சி," என்று சொல்லிவிட்டு, கிளினிக்குக்கு நாள் வாங்கப் போனார். அன்று மைக்கைத் தொடவில்லை.

மூலையில் ஒரு மேசை போட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து அந்தத் தாதிப் பிள்ளையே வந்திருந்தா, அதே நைலோன் நூலோடு. முதலில் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஊருக்கு நடுவில் காலை நீட்ட யாருக்கு மனம் வரும்? என் வீட்டுக்காரர் போய் முதல் கதிரையில் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே இரண்டு சப்பாத்தையும் கழற்றினார். அதைப் பார்த்துப் பின்னால் ஒருவர், இருவர் என்று வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு இவர் ஒரு கிளினிக்கும் விடவில்லை. மருந்தும் குறைக்கவில்லை. நத்தாருக்கு ஒரு துண்டுக் கேக். அதையும் என் முன்னால்தான் சாப்பிட்டார். ஆனாலும் கால் என்ன சொல்லும் என்று எனக்கெப்படித் தெரியும்? போன தடவை இடது கால் கதைத்த இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். இரண்டாவதாகத் தொட்ட இடம். குதிக்கால். ஓரம். அந்தப் பிள்ளை கையில் நூலை எடுத்தா. நான் அவருக்குப் பின்னால் போய் நின்று கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணை மூடுங்கோ அங்கிள்."

மூடினார். நூல் இடது காலின் முதலாவது இடத்தில் பட்டது. பேச்சில்லை. அது போன தடவையும் கதைக்காத இடம்தான், பரவாயில்லை. இரண்டாவது இடம், போன தடவை கதைத்தது. பேச்சில்லை. அந்தப் பிள்ளை என்னைப் பார்க்காமல் நூலைக் குதிக்காலுக்குக் கொண்டுபோனா. நூல் தோலில் வளைந்து நின்றது. மண்டபத்தில் இருந்த சத்தம் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை.

"ஓம்," என்றார்.